கண்ணாடிக்குப் போக வேண்டிய ஸ்பிரிட்

டீ நன்றாக இருக்கிறது, தோழர் மேஜர். சர்க்கரை போட்ட டீ. எங்கள் கெத்ரோவ்காவில் சர்க்கரை வந்தால் மதியத்துக்குள் கடை காலி. வோட்காவுக்குக் கெடுபிடி வந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு காய்ச்சுகிறார்கள். ஊர்ச் சர்க்கரை முழுக்கப் பானைக்குள் போய்விடுகிறது.

நான் குடிப்பதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்து உழைத்தவர். சம்பள நாளில் அவரைச் சறுக்குவண்டியில் போட்டு அம்மாவும் நானும் வீட்டுக்கு இழுத்து வருவோம். ஒருமுறை வழியில் அவர் நழுவி விழுந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. வண்டி லேசாகிவிட்டது, நன்றாக ஓடுகிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காலையில்தான் அவரைப் பனியிலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு நான் நாக்கில் வைத்ததில்லை. விமானத்தளத்தின் ஸ்பிரிட் கிடங்குச் சாவி என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம்.

ஜோராவை விட்டுவிடுங்கள். என் மெக்கானிக் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் குடிகாரன், பொய்யும் சொல்வான். ஆனால் அந்தப் பயணிகள் விமானத்தின் மூக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றியது அவனில்லை. நான்தான். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதன் உள்ளே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என்னை அப்படி வளர்க்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கே புரியும், இதில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை.

அந்த விமானம் பயணிகளுக்காகப் பிறந்ததில்லை. குண்டு போடப் பிறந்தது. நம்முடைய ஜெட் ஒன்று வெளிநாட்டு விமான நிலையத்தில் போய் இறங்க வேண்டும், அங்கிருப்பவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்கு ஒரு காலத்தில் ஆசை வந்தது. புதிதாக வரைந்து செய்ய அவகாசமில்லை. இருந்த குண்டுவீச்சு விமானத்தை எடுத்து, வயிற்றை அகலமாக்கி, குண்டு தொங்கிய இடத்தில் நாற்காலி போட்டு, ஜன்னலுக்கு மடிப்பு வைத்த திரை மாட்டினார்கள். இறக்கை அதே. சக்கரம் அதே. இறங்கியதும் வாலில் பாராசூட் விரித்து நிறுத்துவதும் அதே. நெருங்கிப் பார்த்தால், கல்யாணக் கோட்டு மாட்டிய சிப்பாய் மாதிரி இருக்கும்.

மூக்குக்குள் இருந்த ஸ்பிரிட் தொட்டியும் அதேதான். மேகத்துக்குள் இறங்கும்போது விமானியின் முன்கண்ணாடியில் பனி அப்பும். அவர் பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிட் பீய்ச்சி அதைக் கரைக்கும். பிற்பாடு மின்சாரத்தில் தானே சூடாகும் கண்ணாடி வந்தது. வந்தவை எல்லாம் படைக்குப் போயின. பயணிகள் விமானத்துக்கு அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் என்றார்கள். அந்தத் திட்டமும் வந்தது, கண்ணாடி வரவில்லை.

எங்கள் தளத்தில் ஓடுதளம் ஒன்றுதான். ஒரு பக்கம் படையின் குண்டுவீச்சு விமானங்கள், இன்னொரு பக்கம் நகரத்துக்குப் போய்வரும் பயணிகள் விமானம். ஒரே வம்சம் என்பதால் இரண்டையும் என் குழுதான் பார்த்துக்கொண்டது, ஒரே கிடங்கிலிருந்து. குண்டுவீச்சு விமானத்தில் ரேடாரைக் குளிர்விக்கவே பீப்பாய் பீப்பாயாக ஸ்பிரிட் வேண்டும். பையன்கள் அதைச் சாராய வண்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கெத்ரோவ்காவில் ஸ்பிரிட் கொடுக்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. குழந்தைகள் காப்பகத்தின் கூரை ஒழுகியது. தகடு வந்தது ஸ்பிரிட்டில். ஆம்புலன்ஸுக்கு டயர், குடியிருப்புக் கொதிகலனுக்குக் குழாய், எல்லாம் அப்படித்தான். கேட்டது படைத்தலைவர் கர்னல் ஷிபானோவ். கொடுத்தது நான். எடுத்த இடத்தில் தண்ணீர் ஊற்றினேன். ஸ்பிரிட்டில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் கலக்கத்தான் வேண்டும் என்று விதியே இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகக் கலந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு பாட்டில்கூடக் கொண்டுபோனதில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தலைமை விமானி கிளம்புமுன் தொட்டி மூடியைத் திறந்து, சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைப்பார். நாக்கு சுரீரென்று எரிந்தால் சரக்கு சரி. எங்கேயும் எழுதிவைக்காத பழக்கம். எல்லா விமானிகளும் செய்வார்கள். பயணிகள் விமானத்தை ஓட்டிய ருதகோவ் அதை ஒரு கூத்தாகவே ஆக்கிவிடுவார். கண்ணை மூடி, உதட்டைச் சப்புக்கொட்டி, "சவேலிச், இன்னைக்குச் சரக்கு தங்கமா இருக்கு. நான் போகல, இங்கயே உக்காந்துக்கறேன், நீ ஓட்டிட்டுப் போ" என்பார். என்னைச் சவேலிச் என்று அப்பா பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவார். நெருக்கமானவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மதுவிலக்கு இயக்கம் வந்தது. கிளம்பும் முன் ஒவ்வொரு விமானியும் டாக்டர் மூக்குக்கு நேரே ஊத வேண்டும் என்றார்கள். தளத்தில் நிதானச் சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் கூட்டத்தில் தொழிலாளி ஒருவன் பேச வேண்டும் என்று அரசியல் அதிகாரி போபிலேவ் தேடினார். குடிக்காத தொழிலாளி நான் ஒருவன்தான்.

நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். விரலை நனைத்து நக்குவது அநாகரிகம், பயணிகள் பார்க்கிறார்கள், அதை நிறுத்திவிடலாம் என்றேன்.

ருதகோவ் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "ஏம்ப்பா சவேலிச், எங்ககிட்ட இருக்கற ஒரே கருவி அந்த நாக்குதான். அதையும் அறுத்துட்டா எப்படி?"

"உங்க நாக்கை அறுத்தா உங்க பொண்டாட்டி விளக்கேத்தி வைப்பாங்க அண்ணே!" என்று ஜோரா கத்தினான். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"சிரிக்காதீங்க தோழர்களே" என்றார் போபிலேவ். "கோந்த்ராத் சவேலிச் சொல்றது ரொம்ப முக்கியமான விஷயம்."

"சரக்கோட வீரியத்தை அளக்கறதுக்குத்தான் கண்ணாடிக்குழல் இருக்கே" என்றேன் நான். "ஒவ்வொரு தடவையும் நானே அளக்கறேன். என் வார்த்தை போதாதா உங்களுக்கு?"

ருதகோவ் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். "உன் வார்த்தை போதும்ப்பா. குடிக்காதவன் வார்த்தை" என்று சொல்லி உட்கார்ந்தார். கையைத் தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார். எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்திலேயே தொட்டிகளில் தண்ணீர் கூடுதலாகக் கலந்திருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கலந்திருந்தது. ஆனால் கொஞ்சம்தான். நாக்கில் வைத்தால் தெரிகிற அளவுக்குத்தான்.

இந்த இலையுதிர் காலத்தில் மாஸ்கோவிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகச் செய்தி வந்தது. கர்னல் ஷிபானோவ் என்னைக் கூப்பிட்டு அறைக்கதவைச் சாத்தினார்.

"சவேலிச், வர்றவனுங்க பழைய கிழடுங்க இல்ல. சாப்பாடு போட்டு அனுப்பிடலாம்னு நெனைக்காத. அளவுக்குழலைக் கையிலயே எடுத்துட்டு வர்றானுங்க."

"எத்தனை விமானத்தை அளப்பாங்க, தோழர் கர்னல்?"

"எதை வேணாலும் அளப்பாங்க. எல்லாம் சரியா இருக்கணும். இல்லேன்னா எனக்கு நட்சத்திரம் போகும், உனக்குத் தலை போகும். காப்பகக் கூரையப் பிரிச்சு ஸ்பிரிட்டா மாத்த முடியுமா உன்னால?"

"முடியாது."

"அப்ப வேற வழி பாரு. எப்படின்னு எனக்குத் தெரிய வேணாம்."

கிடங்கில் இருந்த சுத்தமான ஸ்பிரிட் முழுவதையும் குண்டுவீச்சு விமானங்களில் ஊற்றினேன். பழைய கலவையை வடித்து நல்லதை நிரப்புவது சாதாரண வேலை இல்லை. நானும் ஜோராவும் முதுகொடியப் பீப்பாய்களை உருட்டினோம். கடைசியில் ஒரே ஒரு விமானத்துக்குக் கொஞ்சம் போதவில்லை. அந்தக் கொஞ்சம், பயணிகள் விமானத்தின் மூக்கில் இருந்தது. அதற்கு மட்டும் புதுச் சரக்கு அப்போதுதான் ஊற்றியிருந்தோம். மூடுபனியால் அது கிளம்பாமல் நின்றது. ஜோராவைச் சாப்பிட அனுப்பிவிட்டு நானே அதை எடுத்தேன். பதிலுக்குத் தண்ணீர். வாசனைக்குக் கொஞ்சம் ஸ்பிரிட்.

படைக்கு ஆய்வு உண்டு, தோழர் மேஜர். பயணிகளுக்குக் கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்தது நானில்லை.

ஆய்வு முடிந்ததும் குண்டுவீச்சு விமானத்திலிருந்து எடுத்துத் திரும்ப ஊற்றிவிடுவதாக இருந்தேன். பயணிகள் விமானம் எப்படியும் இன்னும் இரண்டு நாள் நிற்கும் என்றார்கள். ஆனால் அன்று சாயங்காலமே கட்சியின் மாவட்டக் கமிட்டியிலிருந்து போன். நகரத்தில் மாநாடு; எங்கள் பிரதிநிதிகள் தொடக்க விழாவில் உட்கார்ந்திருக்க வேண்டும்; மூடுபனி விலகினாலும் விலகாவிட்டாலும் காலையில் விமானம் போகும். அதற்குள் ஆய்வுக்கென்று குண்டுவீச்சு விமானத் தொட்டிகளுக்குத் தளத்தில் ஈயமுத்திரை வைத்துவிட்டார்கள். முத்திரையை உடைத்தால் ஆய்வாளர்கள் வந்ததும் தெரிந்துவிடும்.

விமானம் தயாரில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். என்ன கோளாறு என்று கேட்பார்கள். ஒரு கோளாறைப் பொய்யாகச் சொல்ல வேண்டும். நான் வேலையில் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை.

அதோடு, நகரத்தில் வானம் தெளிவாக இருக்கும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நானே போய்க் கேட்டேன். தெளிவான வானத்தில் அந்தப் பொத்தானை யாரும் தொடப்போவதில்லை. அந்த வருடம் முழுக்க ருதகோவ் அதைத் தொட்டது எப்போதாவதுதான்.

காலையில் ஏணியடியில் ருதகோவ் வந்தார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்.

"என்ன சவேலிச், முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? ராத்திரி ஊத்திக்கிட்டியா?"

"தூக்கம் இல்ல."

"குடிக்காதவனுக்குத் தூக்கம் எப்படி வரும்! ஏய் ஜோரா, இவனுக்கு ஒரு வாய் குடுத்து மனுஷனாக்கு."

"குடுக்கறதுக்கு எனக்கே இல்ல அண்ணே" என்றான் ஜோரா. "வேணும்னா நீங்க ஊதுங்க, நான் மோந்துக்கறேன்."

ருதகோவ் சிரித்துக்கொண்டே மூக்குப் பக்கம் நடந்தார். பழக்கம் பாருங்கள்: வலது கையுறையைக் கழற்றிவிட்டார். சுண்டுவிரலை நீட்டி ஒரு நிமிடம் அப்படியே நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தடுக்கவில்லை, தோழர் மேஜர், இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் மூடியைத் திறந்திருந்தால் நான் ஒதுங்கி நின்றிருப்பேன்.

"ம்ஹும்" என்று சொல்லி விரலை மடக்கிக் கையுறைக்குள் விட்டுக்கொண்டார். "போபிலேவ் எங்கேருந்தாவது மோப்பம் பிடிச்சுட்டு வந்துடுவான். நீ அளந்தியா?"

"அளந்தேன்."

"உன் வார்த்தை போதும்."

அது பொய்யில்லை. அளந்திருந்தேன். எவ்வளவு இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியும். அவர் எவ்வளவு என்று கேட்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நகரத்துக்கு மேலே தெளிவான வானம் இல்லை. உறைபனித் தூறல். கீழே இறங்க இறங்கக் கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்திருக்கும். அப்போதைக்கு அதன் வழியே ஓடுதள விளக்குகள் மங்கலாகவாவது தெரிந்திருக்கும். அவர் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் பீய்ச்சியது. சில்லிட்ட கண்ணாடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்னும் அழுத்தினார். அழுத்த அழுத்தத் தன் கண்ணைத் தானே சுவர் வைத்து அடைத்துக்கொண்டார்.

நேற்று விமானிகளின் பேச்சு பதிவான ஒலிநாடாவை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். துணைவிமானி கத்துகிறார். ருதகோவ் கத்தவில்லை. "இது ஸ்பிரிட் இல்லப்பா, தண்ணி" என்கிறார். நாக்கில் வைக்காமலே கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு நல்ல விமானி.

ஒருவரும் பிழைக்கவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதாதீர்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: அதில் பிரதிநிதிகள் இல்லாமல் சமையல்காரிகளும் சுரங்கக்காரர்களும் மட்டும் போயிருந்தால், நீங்கள் மாஸ்கோவிலிருந்து வந்திருப்பீர்களா? உள்ளூர் ஆள் ஒருவர் வந்து மூடுபனி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ஆய்வுக்குழுவும் மறுநாள் வந்து அளந்தது. எல்லா விமானத்திலும் சரக்கு சுத்தமாக இருந்தது. கர்னலுக்குப் பாராட்டு கிடைத்தது. ஆக, படையின் தரப்பில் வேலை சரியாகத்தான் நடந்திருக்கிறது.

என் மகள் ரிம்மாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவள் நகரத்துக் கல்லூரியில் படிக்கிறாள். ஆமாம், அன்றைய விமானத்தில்தான் அவளுக்கு இடம் வாங்கியிருந்தேன். ஆமாம், ரயிலில் போனாள். வீட்டில் அதற்கு ஒரு சண்டையே நடந்தது.

"ரயில்ல ரெண்டு நாள் ஆகும்ப்பா! டிக்கெட்டு கையில இருக்கறப்ப எவளாவது ரயில்ல போவாளா?"

"மூடுபனி. விமானம் கெளம்புமோ கெளம்பாதோ."

"கமிட்டிக்காரங்க போறாங்க, எப்படியும் கெளம்பிடும்னு ஊரே சொல்லுது."

"ரயில்ல போன்னா போ."

நான் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அன்று உயர்த்தினேன் போலிருக்கிறது. அவள் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினாள்.

வானம் தெளிவாக இருக்கும் என்று நம்பினேன், பிறகு அவளை ஏன் நிறுத்தினேன் என்கிறீர்கள். இரண்டும் முரண் இல்லை, தோழர் மேஜர். நம்பிக்கை வேறு, நிச்சயம் வேறு. மற்றவர்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை போதுமானதாக இருந்தது. ரிம்மா விஷயத்தில் நிச்சயமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எந்தத் தகப்பனும் அப்படித்தான் நினைப்பான்.

இடத்தை ஏன் காலியாக விடவில்லை என்பதுதானே அடுத்த கேள்வி.

எங்கள் உணவுக்கூடத்தில் ஃபைனா என்று ஒருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. நகரத்தில் அவளுடைய அக்கா படுத்த படுக்கை. எப்படியாவது ஓர் இடம் வாங்கிக் கொடு என்று வாரக்கணக்கில் என் பின்னால் அலைந்தாள். பிரதிநிதிகள் ஏறுவதால் சாதாரண ஜனத்துக்கு இடமே இல்லை. ரிம்மாவின் இடம் காலியாக இருந்தால் யாராவது கவனிப்பார்கள்: யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யாருடைய மகள். உட்கார ஆள் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அவளுக்கோ போக வேண்டும். இரண்டும் பொருந்தி வந்தது. சாயங்காலமே போய் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டேன்.

அவள் மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். "கோந்த்ராத் சவேலிச், நீங்க நல்லா இருக்கணும்! உங்க மக பாவம், எனக்காக ரயில்ல போறாளா?" என்றாள்.

"அவளுக்கு ரயில்தான் புடிக்கும்" என்றேன்.

காலையில் எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக வந்தாள். தலையில் நல்ல சால்வை. கோட்டைத் திறந்து உள்ளேயிருந்து துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தாள். மாவுக்குள் முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட பிரோஷ்கி. ஆறிவிடக் கூடாது என்று உடம்போடு அணைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"விடியக்காலைலயே எழுந்து சுட்டேன். உங்களுக்குன்னே. சூடா சாப்புடுங்க."

"ஏறும்மா, மூடப் போறாங்க."

"இதுல ஏறறது இதான் முதல் தடவ. பயமா இருக்கு. ஒண்ணும் ஆகாதில்ல?"

"ருதகோவ் நல்லா ஓட்டுவார்."

அவள் ஏறினாள். ஜன்னல் திரையை விலக்கிக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். விமானம் கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு, கிடங்குக்குப் போய், பொட்டலத்தைப் பிரித்து, ஜோராவுக்கு இரண்டு கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். இன்னும் சூடாக இருந்தது.

தண்ணீர் ஊற்றியது நான். சொல்லாமல் இருந்தது நான். அவளை ரிம்மாவின் இடத்தில் உட்கார வைத்தது நான். மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், காகிதத்தை இப்படி நகர்த்துங்கள்.

எல்லாம் தெரிந்தும் அந்தப் பொட்டலத்தை எப்படிக் கைநீட்டி வாங்கினாய் என்று நீங்கள் இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். வாங்காமல் என்ன செய்வது, தோழர் மேஜர்? ஆசையாகச் செய்து கொண்டுவந்திருக்கிறாள். வேண்டாம் என்றால் அவள் மனம் நொந்துபோயிருக்கும்.